மெல்ல மூளும் காதல் நாவலில் இனிக்கிறது, தொலைக்காட்சித் தொடரில் அலுக்கிறது: ஏன்?

கேள்வி – கொக்குவில் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கிய அக்காவின் மகள், திரும்பிப் போகும்போது பெட்டியின் நிறை கூடிவிட்டதென்று மூன்று ஆங்கிலப் புத்தகங்களை என் மேசையில் விட்டுச் சென்றாள். டயானா வின் ஜோன்ஸ் என்னும் பிரித்தானிய எழுத்தாளரின் ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ என்ற மாயக்கதையும், அதன் தொடர்ச்சியாக அவர் எழுதிய மற்ற இரண்டும் அவை. முதலாவது 1986 இலும், இரண்டாவது 1990 இலும், மூன்றாவது 2008 இலும் வெளிவந்தன. முதற்புத்தகத்தின் தாள்களுக்கிடையில் கசூரினாக் கடற்கரையின் மணல் இன்னும் இருக்கிறது. சிறுபிள்ளைகளுக்கான கதை என்று எண்ணி ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் வேலைக்குப் போகும் பேருந்தில் வாசிக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய தரிப்பிடத்தைக் கடந்து போனேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவையும் தொட்டுப் பேச வேண்டியிருப்பதால், வாசிக்க எண்ணியிருப்பவர்கள் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏழு காத வழியை ஓரெட்டில் கடக்கும் சப்பாத்துகளும், அணிந்தவரை மறைத்துவிடும் போர்வைகளும் உண்மையிலேயே இருக்கின்ற இங்கரி என்னும் நாட்டில், மூன்று பெண்பிள்ளைகளுள் மூத்தவளான சோஃபி தொப்பிக் கடையில் தைத்துக்கொண்டிருக்கிறாள். மூத்த பிள்ளை எதைத் தொட்டாலும் விளங்காது என்பது அந்நாட்டில் ஊரறிந்த நம்பிக்கை. சூனியக்காரி ஒருத்தி ஏதோ கோபத்தில் வந்து, அவளைத் தள்ளாத கிழவியாக மாற்றிவிட்டுப் போகிறாள். வீட்டில் இருக்க முடியாமல் வெளியேறிய சோஃபி, மேட்டுநிலத்தில் புகை கக்கிக்கொண்டு திரியும் ஒரு கோட்டைக்குள் துணிந்து ஏறி, தன்னைத் தானே துப்புரவுக்காரியாக நியமித்துக்கொள்கிறாள். அந்தக் கோட்டையின் சொந்தக்காரன்தான் இளம்பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று பெயர் எடுத்த மந்திரவாதி ஹவுல். உண்மையில் அவன் தின்பது காலையுணவு. செலவழிப்பது குளியலறையில் மணித்தியாலக் கணக்கான நேரம்.

இருவரும் ஓயாமல் சண்டை பிடிக்கிறார்கள். சோஃபி குளியலறைத் தட்டை ஒழுங்குபடுத்தியதால் சாயப் பொதிகள் இடம்மாறிவிட, ஹவுலின் தலைமுடியில் இலேசான செம்மை ஏறிவிடுகிறது. அந்த ஒரு காரணத்துக்காக அவன் கதிரையில் குந்தி இருந்து உலகமே அழிந்ததுபோல ஓலமிட்டு, உடம்பெல்லாம் பச்சை நிறக் கூழை வழியவிடுகிறான். சோஃபியும் அவனுடைய சீடன் மைக்கேலும் அவனை அப்படியே கதிரையோடு இழுத்துச் சென்று கழுவ வேண்டியதாகிறது. இந்த இடத்தில்தான் பேருந்தில் வாய்விட்டுச் சிரித்தேன். நடத்துநர் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மீதிக் காசைத் தராமலே போய்விட்டார்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் வரையில் இருவரும் காதல் என்ற சொல்லை ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. கைகளைப் பற்றிக்கொண்டு நிற்கும் அந்த ஒரு காட்சிக்காக இருபது அத்தியாயம் காத்திருந்தேன். ஒரு கணமும் சலிக்கவில்லை. ஆனால் அதே வீட்டின் விறாந்தையில், இரவு எட்டரை மணிக்கு அம்மா பார்க்கின்ற தொலைக்காட்சித் தொடரிலும் நாயகனும் நாயகியும் மூன்று ஆண்டுகளாக மனம் திறக்கவில்லை. அவன் சொல்ல வாயெடுக்கும்போது தொலைபேசி அடிக்கிறது. அவள் சொல்ல வாயெடுக்கும்போது யாரோ மயங்கி விழுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இரண்டும் தாமதம்தானே? ஒன்று இனிப்பதற்கும் மற்றொன்று அலுப்பதற்கும் காரணம் நகைச்சுவை மட்டுமா? அத்தொடரிலும் பகிடிக்கென்று ஒரு மாமா இருக்கிறார். அவர் வந்தால் இன்னும் அலுக்கிறது. இப்படி மெல்ல மூளும் காதலும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்தவை தமிழில் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிப்பது சிரமம். அவருக்கும் இந்தச் சுவையைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.


பதில் – சிறுப்பிட்டி ஓய்வுநிலை ஆசிரியர்

அன்புள்ள பிள்ளைக்கு,

அந்த முதற்புத்தகத்தை என் பேத்தி வற்புறுத்தியதால் நானும் வாசித்திருக்கிறேன். உங்களுடைய கேள்விக்கான விடை நகைச்சுவையின் அளவில் இல்லை, நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்காக வகுத்தார். எள்ளலும் இளமையும் எவருக்கும் விளங்கும். கல்சிபர் என்னும் நெருப்புப் பூதம் அடுப்புக்குள் இருந்துகொண்டு எல்லாரையும் நையாண்டி செய்வது எள்ளல். தலைமுடிக்காக ஹவுல் பச்சைக் கூழ் வழியவிடுவது வளர்ந்தவனிடம் காணப்படும் பிள்ளைத்தன்மை. நாம் நின்று பார்க்க வேண்டியது நாலாவதாகிய மடன். உரையாசிரியர்கள் அதனைக் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று விளக்குவர். அதாவது, பிறர் சொல்லித் தந்ததை ஏற்றுக்கொண்டு, கண்முன்னே வேறொன்று நடந்தாலும் ஏற்றதைக் கைவிடாதிருத்தல்.

சோஃபியை இந்த ஒரு சொல்லைக் கொண்டு முழுமையாக விளங்கிக்கொள்ளலாம். மூத்தவள் உருப்படமாட்டாள் என்று அவளுக்குச் சொல்லித் தந்தார்கள். அதை விடாமல் பிடித்துக்கொண்டாள். ஹவுல் பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊர் சொன்னது. அவன் வீட்டிலேயே இருந்து, அவன் பொரித்துக் கொடுத்த பன்றியிறைச்சியையும் முட்டையையும் தின்றுகொண்டு, அதையும் விடாமல் பிடித்துக்கொண்டாள். இதைவிடப் பெரிய வேடிக்கை, அவள் வாயால் சொல்வது பலித்துவிடும் என்பது. நாங்கள் வாக்குப் பலிதம் என்று சொல்வோமே, அந்த வரம் அவளுக்குப் பிறப்பிலேயே உண்டு. தொப்பிகளோடு கதைத்துக் கதைத்துத் தைக்கிறாள். அவற்றை வாங்கி அணிந்தவர்களுக்கு அவள் சொன்னபடியே நடக்கிறது. ஹவுலின் சட்டையைத் தைக்கும்போது, பெண்களை மயக்குவதற்கென்றே செய்த சட்டை என்று முணுமுணுக்கிறாள். அந்த முணுமுணுப்பே மந்திரமாகிவிடுகிறது. பிறகு அதே சட்டையைக் கண்டு எரிச்சலடைகிறாள். தன் கையில் இருக்கும் ஆற்றலை அறியாத அந்த அறியாமையும், தன் மனதில் இருக்கும் காதலை அறியாத அறியாமையும் வேறு வேறு அல்ல. ஆகவே அவள் நம்மைச் சிரிக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் காதல் ஏன் தாமதிக்கிறது என்பதும் கூடவே காட்டப்படுகிறது. சிரிப்பும் தாமதமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

தொலைக்காட்சித் தொடரில் தாமதம் வெளியிலிருந்து வருகிறது. தொலைபேசி அடிப்பதற்கும் அந்தப் பெண்ணின் குணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பகிடி மாமாவும் அப்படியே. அவரை எடுத்துவிட்டாலும் கதை குறைவதில்லை. இதனை நம்முடைய அகத்திணை மரபோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். களவொழுக்கத்தில் தடை பெரும்பாலும் வெளியில்தான் இருக்கிறது: தாயின் காவல், ஊரார் தூற்றும் அலர், இரவில் குரைக்கும் நாய், விடிய விடிய எரிக்கும் நிலவு. காதல் கண்டவுடனே பிறந்துவிடுகிறது. செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். தாமதிப்பது திருமணமேயன்றிக் காதல் அன்று. இதனால் மெல்ல மூளும் காதல் நமக்கு அந்நியம் என்று சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். (எட்டு மணம் முடிக்கும் சீவகனைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அவனுக்கு மெல்ல மூள நேரமில்லை.) நான் அந்தக் கூற்றை ஏற்கவில்லை. கலித்தொகையின் 51 ஆம் பாட்டு ஒன்றே எனக்குப் போதும்.

குறிஞ்சிக்கலியில் வருகின்ற அந்தப் பாட்டில் தலைவி தோழியிடம் நடந்ததைச் சொல்கிறாள். சிறுவயதில் தெருவில் நாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்து, தலையில் சூடிய மாலையைப் பிய்த்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய அந்தச் சிறு பட்டி, அதாவது கட்டாக்காலிப் பயல், ஒருநாள் வாசலில் வந்து நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டான். அம்மா பொற்கலத்தில் வார்த்துக் கொடுத்து வரும்படி என்னை அனுப்பினாள். போனேன், வளையணிந்த கையைப் பிடித்துவிட்டான். ‘அம்மா, இவன் செய்த வேலையைப் பார்’ என்று கத்தினேன். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவளிடம் நான் சொன்னது, ‘தண்ணீர் குடிக்கையில் விக்கினான்’ என்பது. அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அந்தக் கள்வன் மகன் என்னைக் கொல்வதுபோலக் கடைக்கண்ணால் பார்த்துச் சிரித்தான்.

மணல்வீடு சிதைத்த நாளிலிருந்து விக்கல் வந்த நாள்வரை எத்தனை ஆண்டுகள் கடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கத்தியபோது அவளுக்குக் கோபம். அம்மா வந்து சேர்வதற்குள் வாய் பொய் சொல்லிவிட்டது. மனம் அறியுமுன்னே வாய் அறிந்துவிட்டது. சோஃபியின் வாயும் அப்படிப்பட்டதுதான். அம்மாவுக்குக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. இந்தக் கலித்தொகையை ஏட்டிலிருந்து பதிப்பித்து 1887 இல் அச்சேற்றியவர் எங்கள் ஊரில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதை, சிறுப்பிட்டிக்காரன் என்ற முறையில் சொல்லாமல் விட என்னால் முடியாது.


பதில் – பருத்தித்துறைக் காற்று

எல்லாரும் புகழ்வதனால் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். எனக்கு ஹவுலைப் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணைத் துரத்தி, அவள் மனம் இரங்கியவுடன் அவளைக் கைவிட்டு அடுத்தவளிடம் போகின்ற ஒருவனை, நகைச்சுவை என்ற பெயரில் நாயகனாக ஏற்கச் சொல்கிறார் ஆசிரியர். அவன் சோஃபியின் தங்கை லெற்றியிடமே அந்த வேலையைச் செய்துகொண்டு போகும்போது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மூரில் ஒழுங்கை முடக்கில் மோட்டார்சைக்கிளில் நிற்கும் சிலரை நான் அறிவேன். அவர்களும் தலைமுடிக்கு மிகுந்த கவனம் எடுப்பவர்களே.

நான் முதலில் பார்த்தது 2004 இல் மியாசாகி எடுத்த யப்பானிய அனிமேஷன் திரைப்படத்தை. அதில் போர் முன்னே வந்து நிற்கிறது. ஹவுலும் கனிவானவனாகத் தெரிகிறான். அந்த நினைப்போடு புத்தகத்தை எடுத்தவனுக்கு, அவன் நம் உலகத்து வேல்ஸ் நாட்டில் அக்கா வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கும் அத்தியாயம் அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த அத்தியாயம் நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மந்திரவாதியாக இருந்தாலும் அக்காவுக்கு அவன் உத்தியோகம் இல்லாமல் திரியும் தம்பிதான்.

ஒரு எச்சரிக்கையும் செய்ய வேண்டும். இரண்டாம் புத்தகத்தை அந்த இருவருக்காக வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். அது கம்பளம் விற்கும் அப்துல்லா என்ற வேறொருவனின் கதை. சோஃபியும் ஹவுலும் அதில் இருக்கிறார்கள், ஆனால் எங்கே, எந்த உருவத்தில் என்று சொன்னால் கதை கெட்டுவிடும். அப்துல்லா தன் வாடிக்கையாளர்களை வானளாவப் புகழ்ந்துகொண்டே வைகின்ற முறை, எனக்கு முதற்புத்தகத்தின் எல்லாச் சண்டைகளையும்விட அதிகம் சிரிப்பூட்டியது. ஆனால் அவனுடைய காதல் மெல்ல மூள்வது அன்று. இளவரசியைத் தோட்டத்தில் கண்டவுடன் பற்றிக்கொள்கிறது.


பதில் – சிறுப்பிட்டி ஓய்வுநிலை ஆசிரியர்

தம்பி, ஹவுல் குற்றமற்றவன் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியர் அவனை ஒருமுறையாவது பாராட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அவன் ஒவ்வொரு முறையும் அகப்படுகிறான், ஒவ்வொரு முறையும் சோஃபி அவனை வைகிறாள். லெற்றியிடம் போனதற்கும் ஒரு காரணம் பின்னால் வருகிறது. ஒழுங்கை முடக்கில் நிற்பவர்களுக்கு அந்த வைச்சல் கிடைக்காததுதான் குறை.


பதில் – கரவெட்டி அக்கா

ஆசிரியர் ஐயா கலித்தொகைக்குப் போய்விட்டார். நான் கோயிலுக்குப் போகிறேன். எங்கள் பக்கத்தில் கந்தபுராண படனம் நடக்கும்போது அப்பம்மாவோடு போய் இருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். சூரபன்மன் போர் நடக்கும் நாட்களில் கிழவர்கள் தூணில் சாய்ந்து கண்ணயர்வதும் உண்டு. ஆனால் கடைசியில் வரும் வள்ளியம்மை திருமணப் படலத்தன்று மண்டபம் நிறைந்துவிடும். குசினியில் நின்றவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கச்சியப்பர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுப் பாடி, எல்லாப் போரும் முடிந்த பிறகு, நூலின் கடைசிப் படலமாக ஒரு சிரிப்புக் காதலை வைத்திருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கதை எல்லாருக்கும் தெரிந்தது. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் முதலில் வேடனாக வருகிறார். அவளுடைய தந்தை நம்பிராசன் வரும் அரவம் கேட்டதும் வேங்கை மரமாக நின்றுவிடுகிறார். நேற்று இல்லாத மரம் இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று கூட வந்த வேடர்கள் குழம்புகிறார்கள். அடுத்த முறை நம்பி வரும்போது, திருநீறு பூசிய தள்ளாத கிழவராகிவிடுகிறார். எதற்காக வந்தீர்கள் என்று நம்பி கேட்க, இம்மலையில் உள்ள குமரியாட வந்தேன் என்கிறார் கிழவர். தீர்த்தத்தின் பெயர் என்று நம்பி எண்ணுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் சபைக்கு அந்தச் சொல்லின் மற்றப் பொருள் தெரியும். எங்கள் ஊரில் பயன் சொல்லும் ஐயா இந்த இடத்தில் உரையை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைக்கத் தொடங்குவார். சிரிப்பு பெண்கள் இருக்கும் பக்கத்தில்தான் முதலில் கிளம்பும். அவர் கண்ணாடியைத் திரும்பப் போடும்வரை அடங்காது.

பிறகு கிழவருக்குப் பசி வருகிறது; வள்ளி தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். தாகம் வருகிறது, சுனைக்குக் கூட்டிச் செல்கிறாள். பசியும் தாகமும் தீர்ந்தன, இனி மோகம் ஒன்றுதான் மிச்சம் என்று கிழவர் சொல்லும்போது, அவள் அவரை நரைத்த தலையிலிருந்து தொடங்கி வைகிறாள். கடைசியில் தமையனாரை யானையாக வரவழைத்து, அவள் பயந்து ஓடி வந்து தன்னைக் கட்டிக்கொள்ளும்படி செய்கிறார். சூரனை வென்ற வேலாயுதர், ஒரு குறப்பெண்ணிடம் வெல்லுவதற்கு அண்ணனின் தும்பிக்கையை நம்ப வேண்டியிருக்கிறது.

கொக்குவில் தங்கச்சி சொன்ன கதையை வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இந்த முதுமை வேடம்தான். முருகன் கிழவரானபோதுதான் இளைஞனாகச் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லுகிறார். சோஃபியும் கிழவியான பிறகுதானே வாய் திறக்கிறாள்? தொப்பிக் கடையில் இருக்கும்போது தெருவில் ஒரு இளைஞன் கதை கொடுத்ததற்கே நடுங்கியவள், கிழவியானதும் மந்திரவாதியின் வீட்டில் துடைப்பத்தோடு அதிகாரம் செய்கிறாள் என்றால், சாபம் அவளுக்கு ஒரு போர்வையாகிவிட்டது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். நான் தாதியாக இருபத்தெட்டு ஆண்டு வேலை செய்தவள். வயது போன அம்மாக்கள், முன்பு கணவன் முன்னால் ஒரு வார்த்தை கதைக்காதவர்கள், வைத்தியரையே அதட்டுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. வள்ளிக்கு அது வேடம் என்று தெரியாது, சபைக்குத்தான் தெரியும். சோஃபி கிழவியல்ல என்பது ஹவுலுக்குத் தெரியுமா, தெரியாதா? புத்தகத்தை நான் வாசிக்கவில்லை. தெரிந்துகொண்டே சண்டை பிடித்தானென்றால் கதையே வேறாகிவிடும்.


பதில் – கொக்குவில் வாசகி

எல்லாருக்கும் நன்றி. கரவெட்டி அக்காவின் கடைசிக் கேள்வியை வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஏனென்றால் அதே கேள்வியை என் அம்மா முந்தநாள் கேட்டார்.

ஆசிரியர் ஐயாவின் பதிலை வாசித்த அன்றிரவு, தொடர் முடிந்து தொலைக்காட்சியை அணைத்த பிறகு, கலித்தொகைப் பாட்டை அம்மாவுக்குச் சொன்னேன். விக்கல் வந்த இடத்தில் அவர், ‘தாய்க்கும் விளங்கியிருக்கும், தெரியாதமாதிரி முதுகைத் தடவினவள்’ என்றார். அப்படி ஒரு பொருள் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்தத் துணிவில், ஹவுலின் கதையையும் நாளுக்கு ஓர் அத்தியாயமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். வரிக்கு வரி மொழிபெயர்க்கவில்லை. கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு என் வாய்க்கு வந்தபடி சொன்னேன். சோஃபி என்ற பெயர் அம்மாவின் வாயில் இரண்டாம் நாளே ‘சோபிதா’ ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை.

ஹவுலுக்குத் தடிமன் பிடிக்கும் அத்தியாயத்தை எதிர்பார்த்து நான் காத்திருந்தேன். அவன் கட்டிலில் கிடந்துகொண்டு, தும்மியும் இருமியும், தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று வீடே அதிரப் புலம்புகிறான். அம்மா சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்து எழுந்துவிட்டார். ‘உன்ர கொப்பரும் இப்படித்தான், தடிமன் வந்தால் கொத்தமல்லிக் குடிநீரை வைச்சுக்கொண்டு தலைமாட்டிலேயே நிற்கவேணும்’ என்றார். அப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவரைப் பற்றி அம்மா சிரித்துக்கொண்டு கதைத்ததை நான் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகுதான் அம்மா கேட்டார், ‘அவனுக்கு அவள் கிழவி இல்லையெண்டு முதலே தெரியும்தானே?’ என்று. நான் இன்னும் பாதிக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். முடிவில் வருவதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். தெரியாவிட்டால் தன் அறையைத் துப்புரவாக்க விடாமல் அவ்வளவு சண்டை பிடித்தவன் அவளை வீட்டை விட்டு அனுப்பியிருப்பான் என்றார். ஆம் அக்கா, அவனுக்குத் தெரியும். அந்தச் சாபத்தை அவளுக்குத் தெரியாமலே நீக்கிவிடப் பலமுறை முயன்றும் முடியாமல், அவளே அந்த வேடத்தை விரும்பி வைத்திருக்கிறாள் என்ற முடிவுக்கு வந்திருந்தான். ஐயா சொன்ன மடன், அதாவது கொண்டது விடாமை, இந்த இடத்தில் உண்மையாகவே ஒரு மந்திரமாகிவிடுகிறது என்பது, மூன்றாம் முறை வாசிக்கும்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

பருத்தித்துறைத் தம்பிக்கு ஒரு செய்தி: உங்கள் கருத்தை அம்மாவிடம் சொன்னேன். அவர் உங்களோடு முழுமையாக உடன்படுகிறார். அவன் திருந்தும்வரை சோபிதா சம்மதிக்கக்கூடாது என்கிறார். இன்னும் ஏழு அத்தியாயம் இருக்கின்றன. நேற்று மின்சாரம் இல்லாததால் தொடரைப் பார்க்க முடியவில்லை. அதைப் பற்றி எதுவும் சொல்லாமல், மேசைவிளக்கைக் கொளுத்தி என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு இருந்தார்.